விசைப்பலகை மாற்றாமல் எழுத: மொரிஷியஸ் தமிழாசிரியையின் டேப்லெட்டும் பேனாவும்

வணக்கம், ரோஸ் ஹில்லிலிருந்து பேசுகிறேன். "டீச்சர், அந்த டேப்லெட்டில் அப்படி என்னதான் செய்கிறீர்கள், போனிலேயே முடியாதா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் பாடக்குறிப்பில் ஒரு பக்கத்தையே காட்டிவிடுகிறேன்.

நடுவில் "தண்ணீர்" என்று தமிழில் பெரிதாக எழுதியிருக்கிறேன். பக்கத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்த கிரியோலில் "திலோ". அதற்குக் கீழே பிரெஞ்சு, ஓரத்தில் ஆங்கிலத்தில் வகுப்புக் குறிப்பு. இதையே தட்டச்சு செய்தால் சொல்லுக்குச் சொல் விசைப்பலகையை மாற்ற வேண்டும். மாற்றி முடிப்பதற்குள் யோசனை அறுந்துபோகும். திரையில் எழுதும் பேனாவுக்கு, அதாவது ஸ்டைலஸுக்கு, அந்தத் தொல்லை கிடையாது. வீட்டில் கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, அரசாங்கப் படிவத்தில் ஆங்கிலம், கோவிலிலும் வகுப்பிலும் தமிழ் என்று வாழ்கிற நம் தீவுக்காரர்களுக்கு ஸ்டைலஸைப் போலக் கைகொடுக்கும் கருவி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது எழுத்துப் பயிற்சி. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். இங்கே பல பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து ஒரு படம். "அ" என்று எழுதச் சொன்னால் வலப்பக்கக் கோட்டை முதலில் போட்டுவிட்டு, வளைவை அதன்மேல் கொண்டுவந்து ஒட்டுவார்கள். அச்சிட்ட தாளைக் கொடுத்தால் முடிந்த எழுத்துதான் தெரியும், கை எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாது. அதனால் திரைப் பதிவை ஓடவிட்டு மெதுவாக எழுதுகிறேன். பாருங்கள், சுழியில் தொடங்குகிறேன், வளைக்கிறேன், குறுக்கே வருகிறேன், கடைசியில்தான் நேர்கோடு. இந்தச் சிறு காணொளி வாட்ஸ்அப்பில் பெற்றோருக்குப் போய்விடும். தமிழ் எழுதத் தெரியாத அம்மாகூடப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் போட்டுக் காட்டலாம்.

பெற்றோரும் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் படத்தைக் குறிப்புச் செயலியில் திறந்து, அதன் மேலேயே சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். "படிததான்" என்று எழுதியிருந்தால், முதல் "த"வின் தலையில் ஒரு புள்ளி வைத்து வட்டமிட்டால் போதும். இதை வாக்கியமாகத் தட்டச்சு செய்து விளக்கினால் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்?

புள்ளி என்றதும் பேனா வாங்குவது பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மலிவாகக் கிடைக்கும் ரப்பர் முனைப் பேனாவைத் தமிழுக்கு வாங்காதீர்கள். திரையைப் பொறுத்தவரை அது இன்னொரு விரல்தான். முனை தடிமனாக இருப்பதால் புள்ளி எங்கே விழும் என்று கண்ணுக்குத் தெரியாது, "க்" எழுதினால் "க" என்று நிற்கும். உள்ளங்கையை ஊன்றினால் அதுவும் கோடு போடும். கையை ஊன்றி எழுதினாலும் பேனா மட்டும் எழுதுகிறதா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சாம்சங்கின் எஸ் பென் என்ற பேனா எழுதுவதற்கு மின்கலம் தேவையில்லை. திரைக்கு அடியில் உண்டாகும் மின்காந்தப் புலத்திலிருந்து பேனாவுக்குள் உள்ள கம்பிச்சுருள் சக்தியை எடுத்துக்கொள்கிறது. ஜப்பானிய நிறுவனமான வாகோமின் தொழில்நுட்பம் இது. கேலக்ஸி டேப் எஸ்6 லைட் போன்ற சாம்சங் டேப்லெட்டுகளில் பேனா பெட்டியிலேயே வந்துவிடும். 2015இல் ஐபேடுக்காக வந்த ஆப்பிள் பென்சிலைத் தனியாக வாங்க வேண்டும், சார்ஜும் செய்ய வேண்டும். ஐபேட் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், எந்தப் பென்சில் தங்கள் மாடலுக்குப் பொருந்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 2023இல் வந்த யுஎஸ்பி-சி பென்சில் அழுத்தத்தை உணராது. ஓவியருக்கு அது குறை. பாடக்குறிப்புக்கும் கணக்குக்கும் அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

கையெழுத்தை அச்செழுத்தாக மாற்ற வேண்டியவர்களுக்கு, ஆண்ட்ராய்டில் கூகுள் விசைப்பலகையில் தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. நிதானமாக எழுதினால் நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. துணைக்காலையும் "ர"வையும் மட்டும் தெளிவாகப் பிரித்து எழுதுங்கள்.

வகுப்புக்கு வெளியே எனக்கு மிகவும் உதவுவது வரைபடம். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை நாள், காவடிக்கு ஏற்பாடு செய்கிறவர்களுக்கு வேலை குவிந்துகிடக்கும். போனில் தெருப்படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, அதன்மேல் ஊர்வலம் போகும் பாதையை மஞ்சளில் வரைந்து, தண்ணீர் கொடுக்கும் இடங்களை நீலத்தில் குறித்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று பக்கத்தில் பெயர் எழுதிவிடுகிறேன். குழுவில் போட்டால் மறுபடி யாரும் போன் செய்து வழி கேட்பதில்லை.

அலங்காரமான நாட்குறிப்புச் செயலிகளை விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. அவற்றை நிரப்புவதே ஒரு வேலையாகிவிடும். என்னுடையது வாரத்துக்கு ஒரு வெற்றுப் பக்கம், அவ்வளவுதான். கோப்புப் பெயரை மட்டும் 2025-03-14 என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள். தேதிப்படி தானாக அடுக்கிக்கொள்ளும், தேடும்போது வாழ்த்துவீர்கள்.

சேமிப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களையே அடித்துக்கொண்டு போனது நமக்குத் தெரியும். காகிதம் எம்மாத்திரம்? வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரப் பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கி இணையச் சேமிப்பில் ஒரு பிரதி போடுகிறேன். புயல் எச்சரிக்கையின் முதல் நிலையை (கிளாஸ் 1) அறிவித்த உடனேயே டேப்லெட்டை முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள், மின்சாரம் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, திரைக்குக் காகிதம் போன்ற சொரசொரப்பான உறை ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒட்டலாம், எழுத்து வழுக்காது, புதிதாக எழுதும் பிள்ளைகளுக்கு மிகவும் நல்லது. ஆனால் பேனா முனை சீக்கிரம் தேயும், மாற்று முனைகளையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அடுத்த காணொளியில் "ணை", "ஞ", "ழ" மூன்றையும் திரைப் பதிவாக எழுதிக் காட்டுகிறேன். வேறு எந்த எழுத்து உங்கள் பிள்ளைக்குச் சிரமமாக இருக்கிறது என்று எழுதுங்கள், அதையும் சேர்த்துவிடுகிறேன்.