நின்று ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட்: காலை உள்ளேயே வையுங்கள்

வணக்கம் உறவுகளே. ஹட்டனில் காலையிலிருந்தே பனிமூட்டம், படம் மங்கலாக இருந்தால் கேமராவைத் திட்டாதீர்கள். நான் நிற்பது தேயிலை மூட்டை ஏற்றுகிற குடோன். கொழும்புக்கும் கட்டாருக்கும் வெயார்ஹவுஸ் வேலைக்குப் போகிற தம்பிமார் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "அண்ணே, உட்கார்ந்து ஓட்டுற ஃபோர்க்லிஃப்ட் எனக்குத் தெரியும், நின்று ஓட்டுறதும் அதே தானே?"

அதே இல்லை. உட்கார்ந்து ஓட்டுவதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு அடி வழி வேண்டும். நின்று ஓட்டுகிற ரகத்தில், தூக்குகிற இரும்புக் கையை முன்னால் நீட்டிச் சரக்கு எடுக்கிற ரீச் டிரக் எட்டு, பத்து அடிக்குள்ளேயே திரும்பிவிடும். அதனால்தான் வாங்குகிறார்கள். ஆனால் கையும் காலும் பழகிய பழக்கம் சில இதில் அப்படியே தலைகீழ்.

முதலில் பெடல். அநேகமான மாடல்களில் அதை மிதித்துக்கொண்டிருந்தால்தான் வண்டி ஓடும், காலை எடுத்தால் பிரேக் பிடிக்கும். பதறினால் இன்னும் அழுத்தி மிதிப்பதுதானே நமக்கு வரும்? அதனால் சரக்கு இல்லாமல், ஆள் இல்லாத வழியில் நன்றாகப் பழகிவிட்டு மூட்டையைத் தொடுங்கள்.

இப்போது பின்பக்கம் பாருங்கள், கதவே இல்லை. திருப்புவது பின்சில்லு என்பதால் வளையும்போது வால் வெளியே வீசும். உடம்பு சாயும், கால் தானாக வெளியே போகும். இந்த வண்டியில் அதிகம் பேர் அடிபடுவது இப்படித்தான். பெட்டரியோடு சேர்த்துச் சில ஆயிரம் கிலோ இருக்கிற இரும்புக்கும் சரக்கு அடுக்குகிற ரெக்கின் தூணுக்கும் நடுவில் கால் மாட்டினால் எலும்பு மிஞ்சாது. மெதுவாகத்தானே போகிறது, காலால் தடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம். ரிவர்ஸ் போகும்போது இன்னொன்று: ரெக்கின் குறுக்குச் சட்டம் நெஞ்சு உயரத்தில் இருந்தால் வண்டி அதன் அடியில் நுழைந்துவிடும், நீங்கள் நுழைய மாட்டீர்கள். அந்தச் சட்டம் உங்கள் மேல் மோதாமல் தடுக்கப் பின்பக்கத் தூண் வைத்த வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள்.

பக்கவாட்டில் சரிந்தால்? உட்கார்ந்து ஓட்டுவதில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, விழுகிற பக்கத்துக்கு எதிராகச் சாய்ந்து உள்ளேயே இருக்க வேண்டும். பின்பக்கம் திறந்த இந்த ரகத்தில் பின்னால் அடி வைத்து இறங்கி விலக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, உங்கள் வண்டியின் மெனுவலில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தேயிலைக்காரர் ஏமாறுவது பாரத்தில். கிலோ கணக்கு சரியாக இருக்கும், ஆனால் மூட்டை பருமன். வண்டியின் தகட்டில் எழுதியிருக்கிற எடை, பாரத்தின் நடு ஃபோர்க்கின் (தூக்குகிற இரும்புக் கைகளின்) நிமிர்ந்த பாகத்திலிருந்து 500 அல்லது 600 மில்லிமீற்றருக்குள் இருந்தால்தான் பொருந்தும். மூட்டை அடுக்குகிற பலட்டுக்கு (தட்டுக்கு) வெளியே பிதுங்கினால், அல்லது உயரத் தூக்கினால், அவ்வளவு தாங்காது. ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கட்டும். மேலே தூக்கிக்கொண்டு வளைக்கவே கூடாது.

நம்ம ஊருக்கென்று ஒரு தொல்லை, ஈரம். லொறிக்காகக் கதவைத் திறந்தால் பனி உள்ளே வந்து தரையில் படியும், அதில் தேயிலைத் தூசி சேர்ந்தால் வழுக்கும். இந்தச் சின்ன, கெட்டியான சில்லு அதில் பிடிக்காது. துடைத்துவிட்டு ஓட்டுங்கள். லொறிக்குள் ஏறுவதற்கு முன் அதன் சில்லுக்குக் கட்டை வைத்திருக்கிறதா பாருங்கள். வெளியே முற்றத்துச் சரிவில் இதை இறக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், பெரியவர் யார் சொன்னாலும் சரி. இது மட்டமான தரைக்குச் செய்த வண்டி.

அப்புறம் குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு பெட்டரி சார்ஜ் போடுவது. ஈய பெட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பீடி வெளியே. தண்ணீர் மட்டம் பார்க்கும்போது கண்ணாடியும் கையுறையும் போடுங்கள், உள்ளே இருப்பது அசிட். காய்ச்சி வடித்த தண்ணீரைச் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்றுங்கள், முன்னாலேயே நிரப்பினால் பொங்கி வழியும்.