முப்பது ஆண்டு விட்டுவைத்த நிழல்

(தலைப்பு: விஞ்ஞானி ஒருவர் பிற்காலத்தில் தூரிகை எடுப்பது விஞ்ஞானத்திலிருந்து விலகலா, அதன் தொடர்ச்சியா? இலங்கை மலையகத்து ஹட்டனில் நடந்த பட்டிமன்றத்தில் ‘தொடர்ச்சியே’ அணிக்காக ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே, பெரியோர்களே, மழையையும் பாராமல் பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் அழுத்தமாக ஒன்றைச் சொல்லிவிட்டு அமர்ந்தார். “அறுபது வயதில் வண்ணப்பெட்டி வாங்கினால் அது ஓய்வுகாலப் பொழுதுபோக்கு. அவர் விஞ்ஞானத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். உள்ளதை உள்ளபடி காட்டக் கேமரா இருக்கிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். அந்தப் பழக்கத்துக்கு இனி அவருக்கு ஏது காலம்?” என்றார். கைதட்டலும் வாங்கினார். நான் அந்தக் கைப்பழக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். செய்முறை வகுப்பு நினைவிருக்கிறதா? கூர் தீட்டிய பென்சில். கோடு ஒரே இழுப்பில் வர வேண்டும். புத்தகத்தில் பார்த்ததை வரையாதே, கண்ணாடித் தட்டில் தெரிவதை வரை என்று ஆசிரியர் தலைமாட்டில் நிற்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டளை: நிழல் தீட்டாதே. நண்பரே, கைப்பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. அறுபது வயதில் தொடங்கியது வண்ணம் மட்டும்தான்.

என் பெரியம்மா தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில் பிறந்தவர். அவருடைய அம்மா கூடை சுமந்து கொழுந்து பறித்தார். மகள் பேராதனையில் தாவரவியல் படித்து, முப்பது ஆண்டுக்கு மேல் அதே கொழுந்தின் நோய்களை ஆராய்ந்தார். பெரும்பகுதிக் காலம் கொப்புள நோயோடுதான் கழிந்தது. 1946இல் இலங்கைத் தேயிலைக்குள் புகுந்த பூஞ்சணம் அது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் போதும், இளம் இலைகளைத்தான் தேடிப் பிடிக்கும். பெரியம்மா பழைய ஒற்றைக்கண் நுணுக்குக்காட்டியில் இடது கண்ணை வைத்து, வலது கண்ணை மூடாமல் தாளைப் பார்த்தபடியே வரையப் பழகியவர். ஒரு கண் பார்க்கும், மறு கண் கையை நடத்தும். இதை ஒருமுறை செய்து பாருங்கள். எனக்குத் தலைசுற்றல்தான் வந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவர் நீர்வண்ணம் வாங்கினார். போன ஆடி மாதம் போயிருந்தேன். விடாத மழை. தாள் காயவே மாட்டேன் என்கிறது. அடுப்படியில் கயிறு கட்டி, துணி உலர்த்துவதுபோல் ஓவியங்களைக் கவ்வி போட்டுத் தொங்கவிட்டிருந்தார். நான்கு நாள் தங்கினேன். நான்கு காலையும் அவர் ஒரே இலையைத்தான் வரைந்தார். கொப்புளம் கண்ட இளம் இலை. மேற்பக்கத்தில் சிறு குழி. திருப்பினால் அடிப்பக்கத்தில் அதே இடம் வெண்மையாகப் புடைத்து, வெல்வெட்போல் இருக்கும். அந்த வெண்மைக்கு அவர் வெள்ளை வண்ணத்தைத் தொடவே இல்லை. தாளின் வெண்மையை அப்படியே விட்டுவைத்து, சாம்பலும் நீலமும் கரைத்த நீரை அதன் ஓரத்தில் மட்டும் மெல்ல ஓடவிட்டார். கொப்புளம் தாளைவிட்டு எழுந்து நின்றது.

“இத்தனை பூ பூக்கிற ஊரில் இந்த நோயைத்தானா வரைய வேண்டும் பெரியம்மா?” என்று கேட்டேன்.

“முப்பது வருடம் இதற்கு நிழல் போடாமலே வரைந்தேன்” என்றார். “நிழல் அங்கேதான் இருந்தது.”

நடுவர் அவர்களே, என் வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. விஞ்ஞானம் செய்ய வேண்டுமானால் பலவற்றை விட வேண்டும். நோய்வித்து எத்தனை நாளில் பரவும் என்று கேட்கிறவருக்கு, காலை வெயில் அந்தக் கொப்புளத்தில் எப்படி விழுகிறது என்பது தேவையில்லை. அதைத் தள்ளிவைத்தால்தான் விடை கிடைக்கும். அது குறையே அல்ல, ஒழுக்கம். ஆனால் கண்டும் தள்ளிவைத்தது கண்ணைவிட்டுப் போவதில்லை, பாக்கியாக நிற்கிறது. எதைத் தள்ளிவைத்தோம் என்று அவ்வளவு துல்லியமாக அறிந்தவர், அதைத் தள்ளிவைத்த விஞ்ஞானி மட்டுமே. அதை எடுக்க அவர் திரும்பிப் போவதை எப்படி ஐயா விலகல் என்பது?

கேமராவைப் பற்றி நண்பர் பேசினார். ஸ்பெயின் நாட்டு சந்தியாகோ ரமோன் இ காஹால் ஓவியராக ஆசைப்பட்ட சிறுவன்; மருத்துவரான தந்தை அவரை மருத்துவத்துக்குத் திருப்பினார். நரம்பணுக்களை ஆயிரக்கணக்கில் வரைந்தார். நரம்பணு கண்ணுக்குத் தெரிய அவர் கையாண்டது, இத்தாலியரான கொல்ஜி கண்டுபிடித்த அதே சாயமுறைதான். கொல்ஜிக்கு நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிய வலையாகத் தெரிந்தன. காஹாலுக்குத் தனித்தனி அணுக்களாகத் தெரிந்தன. 1906இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள், சரியாக இருந்தது காஹாலின் பார்வை. அவருக்குக் கேமரா தெரியாதா? நிறப் புகைப்படக்கலை பற்றிப் புத்தகமே எழுதியவர். ஆனாலும் நரம்பணுவைக் கையால்தான் வரைந்தார். ஏனென்றால் நுணுக்குக்காட்டியில் ஒரு நேரத்தில் ஓர் ஆழம்தான் தெளிவாகத் தெரியும். திருகைத் திருப்பித் திருப்பிப் பல ஆழங்களைப் பார்த்து, ஒரே தாளில் முழு அணுவாகச் சேர்ப்பதற்கு மனமும் கையும் வேண்டும்.

“அவர் இளமையிலேயே வரைந்தவராயிற்றே” என்பீர்கள். சரி, இயற்பியலர் ரிச்சர்ட் ஃபைன்மன்? நாற்பதைக் கடந்த பிறகுதான் பென்சில் பிடித்தார். ஓவிய நண்பர் ஒருவரோடு ஓர் ஒப்பந்தம்: ஒரு ஞாயிறு இவர் இயற்பியல் சொல்லிக்கொடுப்பார், மறு ஞாயிறு அவர் ஓவியம் சொல்லிக்கொடுப்பார். உலகின் அழகைக் கண்டு தமக்குள் எழும் வியப்பைச் சொல்லவே வரைய விரும்பியதாக எழுதியிருக்கிறார். தம் பெயரைப் பார்த்து யாரும் பாராட்டிவிடக் கூடாதென்று, ‘ஓஃபே’ என்று கையெழுத்திட்டார். 1965இல் நோபல் பரிசு வந்தது. வரைவதை அவர் நிறுத்தவில்லை. பொழுதுபோகாத மனிதர் செய்கிற வேலையா இது?

எல்லா விஞ்ஞானியும் நல்ல ஓவியராகிவிடுவார் என்று நான் வாதாடவில்லை. பெரியம்மாவின் முதல் வருடப் படங்களில் மலைகள் தட்டையாகத்தான் கிடந்தன. அவரே அவற்றை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

இலை நோய் நம் மக்களுக்கு வெறும் பாடநூல் செய்தி அல்ல. 1869இல் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூளாகத் தெரிந்த துருநோய்தான் இந்த மலைகளில் கோப்பியை வீழ்த்தித் தேயிலைக்கு வழிவிட்டது. கோப்பித் தோட்டத்துக்கென்று கடல் கடந்து நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கொழுந்து பறித்தார்கள். அந்த வழியில் வந்த ஒரு பெண், இன்று இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை வரைந்துகொண்டிருக்கிறார்.

மணி அடித்துவிட்டது. அந்த நான்காம் நாள் ஓவியத்தைக் கேட்டு வாங்கி, நனையாமல் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, நடுவர் மேசையில் வைக்கிறேன். கொப்புளத்தின் இடப்பக்க ஓரத்திலிருந்து பாருங்கள் ஐயா, வெயில் அங்கிருந்துதான் வருகிறது.