குருகின் கால் என்ன நிறம்?

(புத்தகக் காட்சி மாலை அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். 'படிப்பவர் மனத்தில் நிற்கும் கவிதையை எழுதுவது எப்படி?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எழுதக் கற்றுக்கொடுப்பது என்னால் ஆகாது. நின்றுவிட்ட கவிதை ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

குறுந்தொகை 25ஆம் பாட்டு. கபிலர் பாடியது. ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தலைவி பேசுகிறாள். அவன் என்னோடு கூடிய அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே இல்லையென்று சாதித்துவிட்டால் நான் என்ன செய்வேன்? இரு இரு, ஒரு குருகு நின்றது. தினைத்தாள் போல மெலிந்த, பசிய கால். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றது.

பயம் என்ற சொல் இதில் இல்லை. கண்ணீரும் இல்லை. ஒரு பறவையைச் சாட்சிக்கு இழுக்கிற நிலைமைக்கு ஒரு பெண் வந்துவிட்டாள், அந்தச் சாட்சியும் மீனைத்தான் பார்த்தது. ஆனால் அதன் காலின் நிறம்வரை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது பாருங்கள்! அப்படியானால் அந்த நேரத்தில் அவள் கண் எங்கே போயிருந்தது? நாணமா, கலக்கமா? கபிலர் சொல்லவில்லை. நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். நம்மை அவர் உள்ளே விட்ட வாசல் அது.

இதையே இன்று நாம் எழுதினால் ஆறாவதாக ஓர் அடி வைப்போம்: 'ஐயோ, என் நெஞ்சம் வேகுதே!' கவியரங்கத்தில் அந்த அடிக்குத்தான் கைதட்டல். ஒன்ஸ்மோர் கேட்பார்கள், திரும்பவும் வாசிப்போம். மேடைக்கு அது சரி. வீட்டில் தனியாகப் புத்தகத்தைப் புரட்டுகிறவருக்கு அந்த அடி, 'நீ ஒன்றும் நினைக்காதே, நானே சொல்லிவிடுகிறேன்' என்பதாகத்தான் கேட்கும்.

'இவ்வளவு நுணுக்கமாக எழுதினால் வெளியூர்க்காரருக்குப் புரியுமா?' என்று தம்பி ஒருவர் கேட்டார். இந்த அரங்கில் ஆரல் மீனைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். சரி, நாலைந்து பேர். மற்றவர்களுக்குப் பாட்டு புரியாமலா போய்விட்டது?

புறநானூறு 112, பாரி மகளிர் பாட்டு. 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின் எந்தையும் உடையேம்' என்று தொடங்கி, 'யாம் எந்தையும் இலமே' என்று முடிகிறது. அதுவும் ஐந்தடிதான். தகப்பனும் போய், பறம்பு மலையும் போன பெண்கள். அழுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைய நிலா, இன்றைய நிலா, அவ்வளவுதான்.

உடனே பாரதியைக் கொண்டுவருவார்கள். எளிமையாக எழுதச் சொன்னாரே என்பார்கள். சொன்னார். 1912இல் முதல் பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் 'எளிய பதங்கள், எளிய நடை' என்று எழுதினார். அதே முன்னுரையில் 'காவியத்துக்குள்ள நயங்கள் குறைவுபடாமலும்' இருக்க வேண்டும் என்றும் எழுதினார். முதல் பாதியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இரண்டாம் பாதியை அனுப்புவதே இல்லை. காணி நிலம் கேட்ட பாட்டில்கூட 'பத்துப் பன்னிரண்டு தென்னைமரம்' என்று எண்ணிக் கேட்டவர் அவர். தோப்பு வேண்டும் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டிருந்தால் அந்த நிலம் நம் கண்ணில் நின்றிருக்காது.

அம்மாவைப் பற்றிக் கவிதை எழுதாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். 'அம்மா, நீ தெய்வம்' என்கிறோம். எல்லார் அம்மாவும் தெய்வம்தான். உங்கள் அம்மா யார்? ரேஷன் கார்டைப் பாலிதீன் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைப்பவரா? பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட்டை மடித்து வளையலுக்குள் செருகிக்கொள்பவரா? அதை எழுதுங்கள். அந்த வளையலைப் பார்த்ததும் படிக்கிறவர் தன் அம்மாவை நினைத்துக்கொள்வார். தெய்வம் என்று நீங்கள் சொல்லிவிட்டால் அவருக்கு வேலையே இல்லை.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்துவிட்டது. இன்று கவிதை எழுதிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை. வீட்டுக்குப் போய்க் கடைசி அடியைக் கையால் மறைத்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். குறை தெரியவில்லையென்றால் அந்த அடியை வெட்டிவிட்டு, நாளைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். நாளையும் இங்கேதான் இருப்பேன்.