பிள்ளையார் தொப்பியில் ஓட்டுக் கேட்டவர்கள் ஐந்தே வருடத்தில் ரயிலில் விஷம் வைத்தது எப்படி?

[திரையில்: டோக்கியோ, 1990 பிப்ரவரி. தேர்தல் பிரசாரக் காட்சிகள்]

வணக்கம் நண்பர்களே. இந்தக் காட்சியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். டோக்கியோ தெரு. ஒரு பிரசார வண்டி நிற்கிறது. அதன் முன்னால் இளைஞர்களும் பெண்களும் ஆடுகிறார்கள். தலையில் யானை முகத் தொப்பி. தும்பிக்கை, காது எல்லாம் இருக்கிறது. ஆமாம், நம்ம பிள்ளையாரேதான். பக்கத்தில் சிலர் தாடி வைத்த ஒரு மனிதரின் முகத்தை முகமூடியாக மாட்டிக்கொண்டு கையாட்டுகிறார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு. அந்த மனிதரின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

அவர் பெயர் ஷோகோ அசஹாரா. அவருடைய அமைப்பின் பெயர் ஓம் ஷின்ரிக்யோ. ஐந்து வருடம் கழித்து, 1995 மார்ச் 20 காலையில், இதே அமைப்பு டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் என்ற நரம்பு விஷத்தைப் பரப்பியது. 13 பேர் இறந்தார்கள். பல வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருவர் 2020-ல் இறக்க, கணக்கு 14 ஆனது. பாதிக்கப்பட்டவர்கள் 6,000-க்கும் மேல்.

யோகா வகுப்பில் தொடங்கிய கூட்டம் தேர்தலுக்குப் போய், அங்கிருந்து விஷ வாயுத் தொழிற்சாலை வரைக்கும் எப்படிப் போனது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். கடைசியில் வரும் ஒரு விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால் பாதியில் போய்விடாதீர்கள்.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அசஹாராவின் இயற்பெயர் சிசுவோ மட்சுமோட்டோ. 1955-ல் பிறந்தவர். ஒரு கண்ணில் பார்வை இல்லை, இன்னொன்றில் கொஞ்சம்தான். பார்வையற்றோர் பள்ளியில் படித்தார். அக்குபஞ்சர் செய்தார், போலி மருந்து விற்று 1982-ல் மாட்டினார். 1984-ல் டோக்கியோவில் யோகா வகுப்பு ஆரம்பித்தார். அடுத்த வருடம், பத்மாசனத்தில் உட்கார்ந்தபடி தரையிலிருந்து எழும்பி நிற்பதுபோல் அவருடைய படம் ஒரு மாயமந்திரப் பத்திரிகையில் வந்தது. கூட்டம் சேர்ந்தது. இந்தியாவுக்கு வந்தார், இமயமலையில் முக்தி கிடைத்துவிட்டது என்றார். 1987-ல் தலாய் லாமாவைச் சந்தித்து எடுத்துக்கொண்ட படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார். மூலக் கடவுள் சிவன். சீடர்களுக்கு மிலரேபா, கிருஷ்ணானந்தா என்றெல்லாம் பெயர். ஃபுஜி மலை அடிவாரத்தில் இருந்த கட்டடங்களுக்கு 'சத்யன்' என்று பெயர், நம்ம சத்தியம்தான். சத்யன் 7 என்ற கட்டடத்தைப் பிறகு பார்ப்போம்.

அப்போதைய ஜப்பானையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் பணம் கொழித்த காலம். அதே நேரம், 1999-ல் உலகம் அழியும் என்ற, பழைய பிரெஞ்சு ஜோதிடர் நாஸ்ட்ரடாமஸின் பேரில் வந்த கதை 1973 முதலே ஒரு புத்தகத்தின் மூலம் வீடுவீடாகப் போயிருந்தது. அந்தப் பயத்தோடு வளர்ந்த தலைமுறை இது. பேரழிவு வரும், ஆனால் முப்பதாயிரம் பேர் ஞானம் அடைந்தால் தடுக்கலாம் என்றார் அசஹாரா. கெடு இருக்கிறது, இலக்கு இருக்கிறது. தியானம் செய்வதே உலகத்தைக் காப்பாற்றும் அவசர வேலையாகிவிட்டது. அவசரம் என்றாலே அடுத்து அரசியல்தானே?

[திரையில்: தேர்தல் சுவரொட்டிகள்]

இந்தத் தேர்தலைத்தான் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும். பெரும்பாலான வீடியோக்கள் இதை ஒரு வேடிக்கையாகக் காட்டிவிட்டு ரயிலுக்குத் தாவிவிடும். என் பார்வையில் மொத்தக் கதையின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

1990 பிப்ரவரி 18, ஜப்பான் நாடாளுமன்றக் கீழவைத் தேர்தல். அசஹாரா 'ஷின்ரிதோ' என்று ஒரு கட்சி ஆரம்பித்தார். உண்மைக் கட்சி என்று அர்த்தம். 25 வேட்பாளர்கள். வாக்குறுதி என்ன தெரியுமா? முந்தைய வருடம்தான் ஜப்பானில் 3 சதவீத நுகர்வு வரி வந்திருந்தது. ஜனங்களுக்கு அதன்மேல் கடுப்பு. அதை ஒழிப்போம் என்றார்கள். கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? யானைத் தொப்பியை எடுத்துவிட்டால் சாதாரணக் கட்சி மாதிரியே பேசினார்கள்.

உள்ளே இருந்த சீடர்களோ ஜெயிப்போம் என்று முழுசாக நம்பினார்கள். வேலையை விட்டவர்கள், சொத்தை எழுதிக்கொடுத்தவர்கள், பெற்றோரின் தொடர்பை அறுத்துக்கொண்டவர்கள். குரு முக்காலமும் உணர்ந்தவர், அவர் நிற்கச் சொன்னால் காரணம் இருக்கும் என்று இரவு பகலாக ஓடினார்கள்.

முடிவு வந்தது. 25 பேரும் தோல்வி. டோக்கியோவில் நின்ற அசஹாராவுக்குக் கிடைத்த ஓட்டு 1,783.

யோசித்துப் பாருங்கள். எதிர்காலத்தைப் பார்க்கிறேன் என்று சொல்கிற ஒருவருக்கு அடுத்த வாரத் தேர்தல் முடிவு தெரியவில்லை. அவர் முன்னால் இரண்டே வழி. 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒப்புக்கொள்ளலாம். அப்படிச் சொன்னால் ஞானமும் போச்சு, குருவும் போச்சு. இன்னொரு வழி, ஓட்டைத் திருடிவிட்டார்கள் என்று சொல்வது.

ஓட்டைத் திருடிவிட்டார்கள் என்றுதான் சொன்னார். அரசாங்கம் ஓட்டுச்சீட்டில் கைவைத்துவிட்டது என்றார். சீடர்கள் அதை நம்பினார்கள். ஏன் நம்பினார்கள் என்பதுதான் முக்கியம். அவர்கள் முட்டாள்கள் இல்லை. உள்ளே வானியற்பியல் படித்தவர் இருந்தார், வேதியியல் ஆராய்ச்சியாளர் இருந்தார், இதய அறுவை மருத்துவர் இருந்தார்.

மைக்கேல் பார்க்குன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர், சதிக் கதைகளை ஆராய்ந்து, அவற்றுக்கு அடியில் மூன்று நம்பிக்கைகள் இருப்பதாகச் சொன்னார். எதுவும் தற்செயலாக நடப்பதில்லை. எதுவும் வெளியில் தெரிவதுபோல் இல்லை. எல்லாமே ஒன்றோடொன்று தொடர்புள்ளது. இந்த மூன்றையும் திரும்பச் சொல்லிப் பாருங்கள். ஏதாவது ஒரு தியான முகாமில் கேட்ட மாதிரி இல்லையா? 'நீங்கள் இங்கே வந்தது தற்செயல் அல்ல. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மாயை. அண்டமும் பிண்டமும் ஒன்றுதான்.' தியான மண்டபத்தில் இது மனசுக்கு ஆறுதல். அதே மூன்று வாக்கியத்தை ஓட்டு எண்ணும் இடத்துக்குக் கொண்டுபோனால் சதிக் கதை வந்துவிடுகிறது. அந்தச் சீடர்கள் புதிதாக எதையும் நம்ப வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடமாகப் பழகிய பார்வையைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கலவைக்கு 2011-ல் ஷார்லட் வார்டு, டேவிட் வோஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'கான்ஸ்பிரிச்சுவாலிட்டி' என்று பெயர் வைத்தார்கள். சதி நம்பிக்கையும் மாற்று ஆன்மிகமும் கலந்தது. இணையம் வந்த பிறகு வந்த புது வியாதி இது என்று நினைக்கிறவர்கள் இந்த 1990 தேர்தலைப் பார்க்க வேண்டும். இணையம் இல்லை, வாட்ஸ்அப் இல்லை. எல்லாச் சாமானும் அப்போதே தயாராக இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். தேர்தலில் தோற்றதால்தான் கொலைகாரர்கள் ஆனார்கள் என்பது சரியல்ல. 1989 நவம்பரிலேயே, ஓமுக்கு எதிராக வழக்கு நடத்திய சுட்சுமி சகமோட்டோ என்ற வழக்கறிஞரை, அவர் மனைவியை, ஒரு வயதுக் குழந்தையை வீடு புகுந்து கொன்றிருந்தார்கள். உடல்கள் மூன்று வேறு மாவட்டங்களில் புதைக்கப்பட்டு, ஆறு வருடம் கழித்துத்தான் கிடைத்தன. அதாவது, ஓட்டுக் கேட்டு ஆடிய அந்த நாட்களிலேயே இந்தக் கொலை நடந்து முடிந்திருந்தது. தேர்தல் மாற்றியது எதிரி யார் என்பதைத்தான். அதுவரை தனித்தனி ஆட்கள் எதிரி. அதற்குப் பிறகு ஓட்டுப் போடாத முழு நாடும் எதிரி. இரண்டே மாதத்தில், ஏப்ரலில், பாட்டுலினம் என்ற கொடிய பாக்டீரியா நச்சு என்று நினைத்துத் தயாரித்ததை லாரிகளில் ஏற்றி டோக்கியோ பக்கம் தெளித்தார்கள். அது வேலை செய்யவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதனால் யாருக்கும் தெரியவும் இல்லை.

[திரையில்: ஃபுஜி மலை அடிவாரம், கமிகுயிஷிகி கிராமம்]

அப்புறம் நான்கு வருடம். 1994-ல் ஓமுக்குள்ளேயே ஒரு அரசாங்கம் அமைத்தார்கள். நிதி அமைச்சகம், அறிவியல் அமைச்சகம், சிகிச்சை அமைச்சகம். தேர்தலில் கிடைக்காத பதவிகளைத் தாங்களே கொடுத்துக்கொண்டார்கள். அறிவியல் அமைச்சர், அந்த வானியற்பியல்காரர். சிகிச்சை அமைச்சர், அந்த இதய மருத்துவர். அதே வருடம் ஜூன் 27 இரவு, மட்சுமோட்டோ என்ற ஊரில் சாரினைப் பரப்பினார்கள். அவர்களுடைய நில வழக்கை விசாரித்த நீதிபதிகள் குடியிருந்த பகுதி அது. அன்று இறந்தவர்கள் 7 பேர்.

இந்தக் காலத்தில்தான் எனக்கு மிகவும் கொடுமையாகப் படும் விஷயம் நடக்கிறது. சத்யன் 7 என்று சொன்னேனே, அதுதான் சாரின் தொழிற்சாலை. முகப்பில் பாலிஸ்டைரீனில் செய்த பெரிய சிவன் முகம், பின்னால் ரசாயனக் குழாய்கள். அங்கே வாயு கசியும். சுற்றி வாழ்ந்த சாதாரணச் சீடர்களுக்கு அந்தத் தொழிற்சாலையைப் பற்றி எதுவும் தெரியாது. அவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது குரு என்ன சொன்னார்? அமெரிக்க ராணுவமும் ஜப்பான் அரசும் விமானத்திலிருந்து நம்மேல் விஷ வாயு தெளிக்கிறார்கள் என்றார். சீடர்கள் வானத்தைப் பார்த்துப் பயந்தார்கள். காற்றைச் சுத்தப்படுத்தும் பெரிய கருவிகளைக் கட்டடங்களில் வைத்தார்கள். அதற்கு 'காஸ்மோ கிளீனர்' என்று பெயர். அந்தக் காலத்துப் பிரபல அனிமே ஒன்றில் வரும் கருவியின் பெயர் அது.

கவனியுங்கள், அவர்களுடைய அறிகுறி நிஜம். விஷமும் நிஜம். யார் வைத்தது என்பதில்தான் பொய். தன் குருவின் தொழிற்சாலையில் கசிந்த விஷமே, குரு சொன்னதெல்லாம் சரி என்பதற்கு ஆதாரமாகிவிட்டது. 1995 ஜனவரியில் அவர்களுடைய பத்திரிகை யூதர்கள்மேல் போர் அறிவித்தது. உலகத்தை ரகசியமாக ஆளும் கூட்டம் என்ற பழைய ஐரோப்பிய யூத வெறுப்புக் கதை, ஜப்பானில், சிவபக்தர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் கையில்!

ரயில் தாக்குதலை நீட்டப் போவதில்லை. ஐந்து பேர், ஐந்து ரயில். செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளைக் கூர் தீட்டிய குடை முனையால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். அந்த ஐவரில் ஒருவர் அந்த இதய மருத்துவர். அரசு அலுவலகங்கள் இருக்கும் கசுமிகசெகி நிலையத்தில், பயணிகளைக் காப்பாற்றப் பையை அப்புறப்படுத்திய ரயில் ஊழியர்கள் இருவர் உயிரிழந்தார்கள். இரண்டு நாள் கழித்து போலீஸ் ஃபுஜி மலை அடிவாரத்துக்குப் போனது. முன்வரிசைப் போலீஸ்காரர் கையில் ஒரு கூண்டு, அதற்குள் மஞ்சள் கேனரிக் குருவி. விஷ வாயு இருந்தால் குருவி முதலில் விழும். அசஹாரா மே 16 அன்று சிக்கினார். 2018 ஜூலையில் அவரும் 12 சீடர்களும் தூக்கிலிடப்பட்டார்கள்.

[திரையில்: 1995 ஜனவரி 1 செய்தித்தாள்]

நிறையப் பேர் என்னிடம் கேட்பது: 'உலகத்தில் நிஜமாகவே சதி நடக்கிறதே, அப்புறம் எதற்குச் சதிக் கதைகளை இவ்வளவு திட்டுகிறீர்கள்?' நடக்கிறதுதான். ஓம் செய்தது முழுசான ரகசியச் சதி. அதை வெளிக்கொண்டுவந்தது எது தெரியுமா? மண். சத்யன் 7 இருந்த கமிகுயிஷிகி கிராமத்து மண்ணைப் போலீஸ் எடுத்துச் சோதித்தது. சாரின் சிதைந்தால் மிஞ்சும் ரசாயனம் அதில் இருந்தது. 1995 புத்தாண்டு அன்று யோமியூரி பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. இல்லை என்று வந்திருந்தால் சந்தேகம் விலகியிருக்கும். உண்டு என்று வந்தது, வலுத்தது. ஓம் பக்கம் பாருங்கள். ஓட்டு விழுந்தால் குரு பெரியவர், விழாவிட்டால் சதி. எந்த முடிவு வந்தாலும் அவர்கள் கதை அசையாது. அந்த மண் சோதனைக்கும் அவர்கள் பதில் வைத்திருந்தார்கள்: பக்கத்துத் தொழிற்சாலைதான் எங்கள்மேல் விஷம் விடுகிறது!

ஆனால் போலீசையும் ஊடகத்தையும் நான் ஒரேயடியாகப் பாராட்ட மாட்டேன். மட்சுமோட்டோ சம்பவத்தில் முதலில் தகவல் கொடுத்த அக்கம்பக்கத்துக்காரரையே குற்றவாளி மாதிரி மாதக்கணக்கில் எழுதினார்கள். அவர் மனைவி அதே வாயுவால் நினைவிழந்து 14 வருடம் படுத்திருந்து 2008-ல் இறந்தார். அவரைத் துரத்திய நேரத்தில் உண்மையான ஆட்கள் அடுத்த தாக்குதலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

இப்போதைய உலகத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஜனவரி 6, அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் கொம்பு வைத்த ரோமத் தொப்பியோடு நுழைந்த ஜேக்கப் சான்ஸ்லி தன்னை ஷாமன், அதாவது ஆவிகளோடு பேசும் பூசாரி மாதிரியானவர், என்று சொல்லிக்கொண்டவர். காரணம், ஓட்டைத் திருடிவிட்டார்கள் என்ற நம்பிக்கை. 2022 டிசம்பரில் ஜெர்மனியில் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாகக் கைதானவர்களில் ஒரு பழைய அரச குடும்பத்துக்காரர், ஒரு முன்னாள் எம்.பி., ஒரு சோதிடர். இரண்டுக்கும் தனி வீடியோ போட வேண்டும், கேட்டால் போடுகிறேன்.

ஆரம்பத்தில் சொன்ன அந்த ஆறாத விஷயம் இதுதான். ஓம் அழியவில்லை. 2000-லிருந்து 'அலெஃப்' என்ற பெயரில் இயங்குகிறது, 2007-ல் பிரிந்த இன்னொரு குழுவும் இருக்கிறது. அரசு அவர்களைச் சட்டப்படி கண்காணிக்கிறது. ஜப்பானின் பொதுப் பாதுகாப்புப் புலனாய்வு அமைப்பு தொடர்ந்து எச்சரிக்கிறது: பெயரை மறைத்து யோகா வகுப்பு நடத்துகிறார்கள், 1995-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். நட்பு இறுகிய பிறகு அந்தப் பிள்ளைகளிடம், ரயிலில் விஷம் வைத்தது ஓம் இல்லை, அது ஒரு சதி என்று சொல்கிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது யோகா, தியானம், இயற்கை வைத்தியம் என்று ஆரம்பித்து இப்போது தேர்தல், தடுப்பூசி, ரகசியக் கூட்டம் என்று மட்டுமே பேசுகிறார்களா? எந்த இடத்தில் திரும்பினார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம். யாரையும் கேலி செய்யும் கமெண்ட்டை நான் எடுத்துவிடுவேன்.