சாம்பல் மேட்டில் ஆனந்தபைரவி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவரை இழிவாகத் திட்ட 'புறம்போக்கு' என்கிறோம். வருவாய்த் துறைப் பதிவேட்டில் அதற்கு வேறு பொருள். ஏரி, ஆற்றங்கரை, மேய்ச்சல் தரை, கழிமுகம் என்று, தனியாருக்குப் பட்டா இல்லாமல் ஊர்ப் பயன்பாட்டுக்கு ஒதுங்கிக் கிடக்கும் நிலம் அது. எல்லோருக்கும் உரியது எப்படி வசைச்சொல் ஆனது? இந்தக் கேள்விதான் 2017 ஜனவரியில் ஒரு பாட்டாக வந்தது.

சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிய பாட்டு அது. அங்கே இருளர்கள் நீரில் இறங்கி, பனையோலையால் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது. விரல் நுனிதான் கண். அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டுசெல்லும் குழாய்கள் ஒழுகி ஒழுகி, அந்தச் சேற்றின்மேலேயே சாம்பல் படிந்துவிட்டது.

கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத்தமிழில் பாட்டை எழுதினார். ஆர்.கே. ஸ்ரீராம்குமார் பல ராகங்களைத் தொடுத்து, ராகமாலிகையாக மெட்டமைத்தார். கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூருக்கே போய், முகக்கவசத்துடன் நின்று பாடினார்.

அந்த ராகமாலிகை ஆனந்தபைரவியில் தொடங்குகிறது. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள் அம்பாளிடம் உருகி முறையிட்ட ராகம். கேட்பவர் மனம் தானாகவே கைகூப்பும். அந்த ராகத்தில் 'பொறம்போக்கு' என்ற சொல் நீண்டு, குழைந்து ஒலித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சபாக்களின் வாசலுக்குக்கூட வந்திராத சொல் அது. கோபத்தில் கத்தியிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்போம். இதுவோ நோயாளியின் கட்டில் அருகே உட்கார்ந்திருப்பவரின் கவலை, எழுந்து போகாது. கவலையைப் பலவீனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கவலைப்படுகிறவர்தான் உற்றுப் பார்க்கிறார். எது பழைய கரை, எது நேற்றுக் கொட்டிய மண் என்று அவருக்குத்தான் தெரிகிறது. ஆக்கிரமிப்பவருக்கு இடைஞ்சல் அந்தப் பார்வைதான்.

ஒரு பாட்டு சாம்பலை அள்ளிவிடாதுதான். ஆனால் கழிமுகத்தின் பெயரையே அறியாத பலர், அதைக் கேட்டபின் எண்ணூருக்கு வழி விசாரித்தார்கள்.

அதே மாதம் 28ஆம் தேதி, எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையெங்கும் கறுப்பு எண்ணெய் ஒதுங்கியது. மீனவர்களும் இளைஞர்களும் பிளாஸ்டிக் வாளிகளோடு பாறைகளில் இறங்கி, அதைக் கையாலேயே அள்ளினார்கள்.

வணக்கம்.