100 ஆம்பியர் அவர் பேட்டரிய ஒரே நாள்ல குடிச்சவன் யாரு?

(இருட்டு. வேன் உள்ளாற பீப் பீப் சத்தம்.)

ராத்திரி ரெண்டு மணி, போடிமெட்டு தாண்டி கேரளா பூப்பாறை பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துல கேம்பர் வேன, அதான் உள்ளயே தங்குற வண்டிய, நிப்பாட்டியிருக்கேன், திடீர்னு இன்வெர்ட்டர், அதான் பேட்டரி கரண்ட வீட்டுக் கரண்டா மாத்துற பெட்டி, பேட்டரி காலின்னு கத்துது. லைட் எரியல, ஃபேன் ஓடல, இந்தக் குளிர்ல எவன் ஃபேன் போடுவான்? அப்புறம் யாருய்யா குடிச்சது?

கத்துனவனே தான்! வேலியே பயிர மேஞ்ச கதை. இன்வெர்ட்டர்ல ஒண்ணுமே மாட்டலன்னாலும் சும்மா ஆன்ல இருக்கறதுக்கே 10, 20 வாட் திங்கும், 15னு வச்சா ஒரு நாளைக்கு 360 வாட் அவர் (வாட்ட மணி நேரத்தால பெருக்குனா வாட் அவர்). என்னோடது 12 வோல்ட் 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட், பேருக்கு 1200 வாட் அவர், ஆனா பாதிக்குக் கீழ அடிக்கடி எறக்குனா பேட்டரி ஆயுசு போயிரும், ஆக நமக்கு 600 தான். அதுல பாதிக்கு மேல சும்மா உக்காந்திருந்தவனுக்கே போச்சு. அஞ்சு வாட் எல்இடி லைட்ட நாலு மணி நேரம் போட்டா வெறும் 20, அத அணைக்கச் சொல்லி நான் வீட்டம்மாவத் திட்டிட்டிருந்தேன்! லித்தியம்னா 80 சதவீதம் தாராளமா எடுக்கலாம், வெலை ஜாஸ்தி, அது தனி வீடியோ.

ரெண்டாவது ஆளு கெட்டில். 1500 வாட் கெட்டில் 12 வோல்ட் பேட்டரில இருந்து 125 ஆம்பியர் இழுக்கும், வயர் தொட்டா சுடும். ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க 100 வாட் அவர் போயிரும், 5000 எம்ஏஎச் போன் பேட்டரி மொத்தமே 19 வாட் அவர் தான், கணக்குப் போட்டுப் பாருங்க, டீத்தண்ணிக்கு அஞ்சு போன்! கேஸ் அடுப்பு எதுக்குங்க இருக்கு?

சரி, சோலார் இருக்கேன்னு கேப்பீங்க. காலைல மீட்டர் பாக்குறேன், 100 வாட் பேனல்ல 9 வாட் வருது. தோட்டத்து அண்ணன் வந்து பாத்துட்டு ஒரே சிரிப்பு: "ஏலச் செடிக்கு நெழல் வேணும்னு நாங்க மரத்த வச்சிருக்கோம், நீ அதுக்கடியில வந்து வெயில் தேடுறியே தம்பி." பேனல்ல செல்லு எல்லாம் வரிசையா ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு, ஒரு கிளை நெழல் ரெண்டு செல்லு மேல விழுந்தா கூட மொத்த வரிசையும் படுத்துரும். ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர் முன்னாடி களத்துக்கு வண்டிய நவுத்துனேன், 64 வாட். நவுத்துனது இருபதடி தாங்க! ஜூன், ஜூலைல இந்தப் பக்கம் மஞ்சு மூடிக்கும், அதே நேரம் கீழ தேனில வெயில் காயும், அது மலை பண்ற வேலை.

இன்னொண்ணு, வண்டி ஸ்டார்ட் பண்ற பேட்டரி தனி, வேனுக்குள்ள லைட், ஃபேன் ஓட்டுற பேட்டரி தனி, சேத்துராதீங்க, அப்புறம் தள்ளத் தான் ஆள் தேடணும்.

இப்ப போன், லைட் எல்லாம் நேரா 12 வோல்ட் பாயிண்ட்ல, இன்வெர்ட்டர் ஆஃப். உங்க இன்வெர்ட்டர் சும்மா இருக்கையில எவ்வளவு திங்குதுன்னு அளந்து கமெண்ட்ல போடுங்க. கெட்டிலக் கேக்காதீங்க, அண்ணன் வீட்டுக்குக் குடுத்துட்டேன், அங்க கரண்ட் இருக்கு.