வசனமா, வாசிப்பா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மாரே, மஞ்சக்குப்பத்தில் இன்று மாலை கூடியிருக்கும் கடலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

“தன்பாலீர்ப்பினரைத் திருச்சபைக்கு வெளியே நிறுத்துவது வேதத்தின் வார்த்தையா, வாசிப்பவரின் வார்த்தையா?” என்பது தலைப்பு. வேதத்தின் வார்த்தையே என்று எனக்கு முன் பேசிய அண்ணன், சோதோம் நகரை அழித்த நெருப்பையும், பழைய ஏற்பாட்டுச் சட்ட நூலான லேவியராகமத்தின் “அருவருப்பு” என்ற சொல்லையும், கொரிந்தியருக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய பாவிகளின் பட்டியலையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். வாசிப்பவரே என்று வாதாட வந்த நான், அதே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்கிறேன்.

சோதோமைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. விருந்தாளிகளைப் பலவந்தம் செய்ய ஊரே திரண்டு கதவை உடைக்க வந்த கதை அது. சோதோமின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16:49 தானே சொல்கிறது: கர்வம், வயிறு நிறைந்த வாழ்வு, எளியவனின் கையைப் பலப்படுத்தாமை. லேவியராகமம் 18:22 ஆணோடு ஆண் கூடுவதை விலக்குகிறது, உண்மைதான். அடுத்த அதிகாரமே இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்கிறது. அண்ணன் உடுத்தியிருப்பது பாலியெஸ்டர் கலந்த சட்டை. அது சடங்கு விதி, இது ஒழுக்க விதி என்று அவர் பிரித்துக் காட்டுவார். அப்படியொரு கோடு லேவியராகமத்தில் இல்லை, ஐயா. வாசித்தவர்கள் போட்ட கோடு அது.

கோடு என்றதும் இதைக் காட்ட வேண்டும். என் கையில் இருப்பது ஆயா விட்டுச்சென்ற, கறுப்பு அட்டை போட்ட பழைய வேதாகம மொழிபெயர்ப்பு. முதலாம் கொரிந்தியர் 6:9இல் “ஆண்புணர்ச்சிக்காரர்” என்ற சொல்லின் கீழ், தாளின் மறுபக்கம் புடைத்துத் தெரியும் அளவுக்கு, யாரோ சிவப்புப் பென்சிலை அழுத்தியிருக்கிறார்கள். அதை ஒட்டி முன்னால் நிற்கும் சொல் “சுயபுணர்ச்சிக்காரர்”. அதன் கீழ் கோடு இல்லை. பிள்ளைகள் இருக்கும் அவையில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக எந்தச் சபையாவது யாரையாவது வெளியே அனுப்பியதுண்டா?

“சுயபுணர்ச்சிக்காரர்” என்ற இடத்தில் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் “மலக்கோய்”. மெல்லியவர் என்பதே அதன் நேர்ப்பொருள். மத்தேயு 11:8இல் “மெல்லிய வஸ்திரம்” என வருவதும் அதே சொல்தான். துணிக்கு வந்தால் மென்மை, மனிதனுக்கு வந்தால் சுயபுணர்ச்சி! அடுத்த சொல்லான “அர்செனொகொய்தாய்”, ஆண் என்ற சொல்லையும் படுக்கை என்ற சொல்லையும் இணைத்தது. அது யாரைச் சுட்டுகிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். 1946இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத் திருத்தப் பதிப்பு இரண்டையும் சேர்த்துத் தன்பாலீர்ப்பினர் என்ற ஒரே சொல்லாக்கியது. 1971இல் அதே பதிப்பார் அந்தச் சொல்லை மாற்றினார்கள். வசனம் மாறவில்லை, ஐயா.

பட்டியல் அத்தோடு முடியவும் இல்லை. பத்தாம் வசனத்தில் பொருளாசைக்காரர் வருகிறார், வெறியர் வருகிறார். வெறியர் என்றால் குடியர். பெண்ணையாற்றைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் போய்விட்டு வருகிறவரை எந்தச் சபையார் வாசலில் மறிக்கிறார்கள்?

ரோமர் முதல் அதிகாரம் கடினமானது என்பதை நான் மறைக்கவில்லை. ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்று அங்கே கண்டனம் இருக்கிறது. ஆனால் பவுல் அங்கே நிறுத்தவில்லை. அதைக் கேட்டுத் தலையாட்டியவனை நோக்கித் திரும்பி, இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே “போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை” என்கிறார். அந்த வசனத்துக்கும் ஆயாவின் புத்தகத்தில் கோடு இல்லை.

பாடகர் குழுவில் ஒன்பது ஆண்டுகள் பாடிய ஒரு தம்பியை எனக்குத் தெரியும். தன்னைப் பற்றிய உண்மையைச் சொன்ன வாரத்திலேயே அவருடைய அங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கிறிஸ்மஸ் இரவு ஆராதனையின்போது, அவர் மதிலுக்கு வெளியே சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் நின்று, தன் பகுதியைச் சன்னமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

அண்ணகர், அதாவது விதையடிக்கப்பட்டவர், சபைக்குள் வரலாகாது என்பது பழைய ஏற்பாட்டின் உபாகமம் 23:1. அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அண்ணகர் ஒருவர் இரதத்தில் ஏசாயாவை வாசித்தபடி வருகிறார். வாசிப்பதன் கருத்து தெரியுமா என்று நற்செய்தியாளர் பிலிப்பு கேட்கிறார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்கிறார் அவர். போகும் வழியில் தண்ணீரைக் கண்டு, “நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?” என்று கேட்கிறார். உபாகமத்தை விரித்துக் காட்டியிருக்கலாம், பிலிப்பு. இரதத்தை நிறுத்தச் சொன்னார் அண்ணகர். இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள்.